துண்டில் வந்த சுதந்திரம்

கப்பலில் வேலை பார்த்த என் கொழுந்தன் ஒரு வருஷம் போலக் கடலில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, தன் அண்ணனுக்கு ஒரு கைக்கடிகாரமும் அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் அண்ணியாகிய எனக்குத் தட்டுத் துடைக்கும் துண்டு ஒன்றும் கொண்டுவந்தான். ரங்கூன் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வருகிறவனிடம் என்ன நியாயம் கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

"ஏன் தம்பி, ஒலகத்தையே சுத்திட்டு வர்றீங்க. அண்ணி பாத்திரம் கழுவுறவதான்னு அங்க போயுமா ஞாபகம் வந்துச்சு?"

"அய்யோ அண்ணி, இது சும்மா துண்டு இல்ல. ஸ்காட்லாந்துல வாங்குனது. அந்த நாட்டோட சுதந்திரப் பத்திரம் இதுல அச்சடிச்சிருக்கு. விரிச்சுத்தான் பாருங்களேன்."

விரித்தேன். நல்ல கெட்டித் துணி. மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்தில் ஆங்கிலம். அடியில் சிவப்பும் பச்சையுமாக அரக்கு முத்திரைகள் வரிசையாகத் தொங்குவது போலப் படம். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கடிதமாம். அதை அந்த நாட்டுக்காரர்களே துண்டில் அச்சடித்து, துறைமுகத்துக் கடையில் தொங்கவிட்டு, போகிற வருகிற கப்பல்காரனுக்கெல்லாம் விற்கிறார்கள். நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பர்மாவில் ராணுவ ஆட்சி. எங்கள் பக்கத்தில் சுதந்திரம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதென்றால் முதலில் ஜன்னலைச் சாத்துவோம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நாங்கள் இருந்தது ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில்பாதைக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி. மாமனார் எங்களோடு இருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமனார் இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக யாராவது விசாரித்தால், "இன்சீன்ல ரொம்ப வருஷம் இருந்தேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த ஊரில் பட்டறை மட்டுமா இருக்கிறது? ஜெயிலும் அங்கேதான். கேட்டவர் முகம் பாவமாகிவிடும். சிலர் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கேஸ்ல?" என்பார்கள். அதில் மாமனாருக்கு ஒரு குஷி.

புகுந்த வீட்டில் எனக்குப் புது அர்த்தத்தோடு கிடைத்த சொல் சுதந்திரம். பிறந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பர்மா விடுதலை பெற்ற ஜனவரி நாலாம் தேதி, கொடி, தெருவில் சாக்கு ஓட்டம். மாமனார் வீட்டில் சுதந்திரம் என்றால் வாழையிலை. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பழைய அர்த்தம் அது. வழிவழியாக ஒருவருக்கு உரிமையாய் வந்து சேரும் பங்குக்குத்தான் சுதந்திரம் என்று பேர். களத்தில் நெல் அளந்தால் இன்னாருக்கு இவ்வளவு சுதந்திரம், கோயிலில் கிடா வெட்டினால் இன்னாருக்கு இந்தக் கறித்துண்டு சுதந்திரம் என்று இருந்ததாம். ரங்கூனில் எங்களுக்குக் களம் ஏது? மாமனாரின் தாத்தா துறைமுகக் கூலிகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் அம்மன் கோயிலில் தீமிதிக் குழி வெட்டினவர். அதனால் தீமிதி முடிந்து சாப்பாடு போடும்போது, பந்திக்கு முன்னால், "சுதந்திரக்காரர் வாங்க!" என்று கோயில் தலைவர் உரக்கக் கூப்பிட்டு, முதல் இலையை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுப்பார். இலையில் இருப்பது சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு. அதற்கு மாமனார் விடிந்ததிலிருந்தே வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

முந்தின வருஷம்தான் வினை வந்தது. கோயிலுக்குப் புதுத் தலைவர். தாமுவே மார்க்கெட்டில் பிளாஸ்டிக் வாளி, குடம் விற்கிறவர். நல்ல மனுஷர்தான். தினமும் கரண்ட் போகிறதே, கோயிலுக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும் என்று அலையாய் அலைந்தார். கடைசியில் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். அவர் வேறு யாருமில்லை, தலைவரின் மாமனார். அந்த வருஷம் முதல் இலை ஜெனரேட்டருக்குப் போய்விட்டது. என் மாமனார் பந்தியில் உட்காராமலே செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கோயில் தெருப்பக்கமே போகவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். டீக்கடைக்குப் போகும்போது மட்டும் அந்த முழங்கால் வலிக்காது. நானும் கிண்டல் செய்துகொண்டுதான் இருந்தேன். ஒருநாள் தனியாக உட்கார்ந்து, "தாத்தா வெட்டுன குழி, எங்காலத்துல தூந்து போச்சு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அடுப்படியில் என் காதில் விழுந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் துண்டு வந்தது.

"என்னம்மா எழுதிருக்கு அதுல?" என்றார் மாமனார்.

நான் வீட்டில் பத்தாவது பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். மொழிபெயர்க்கச் சொன்னால் விடுவேனா? "ஸ்காட்லாந்துக்காரங்க போப்பாண்டவருக்கு எழுதுன கடுதாசி மாமா. இங்கிலீஷ் ராஜா இவங்க சுதந்திரத்தப் பறிச்சுட்டான். அதான் முறையிட்டு எழுதிருக்காங்க."

மாமனார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "பறிச்சு யாருக்குக் குடுத்தான்?"

"யாருக்கும் குடுக்கல மாமா. அவனே வச்சுக்கிட்டான்."

"அதான பாத்தேன்!"

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக எதிலும் ஒட்டாமல் இருந்த மனுஷர், "படி, படி" என்கிறார். இது வேற சுதந்திரம் மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தேன்.

அந்தக் கடிதம் எடுத்தவுடனே சண்டைக்குப் போகவில்லை. முதலில் வம்சப் பெருமை. எங்கள் முன்னோர் எங்கோ கிழக்கிலிருந்து புறப்பட்டு, கடல்களைக் கடந்து, ஸ்பெயினில் கொஞ்ச காலம் தங்கி, இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று நீளமாகப் போகிறது. "கப்பல்ல வந்தவங்க" என்று மாமனார் தலையாட்டினார். பிறகு, நாங்கள் சண்டை போடுவது சொத்துக்காக இல்லை, பேருக்காக இல்லை, சுதந்திரத்துக்காக மட்டும்தான், நல்லவன் எவனும் உயிரை விட்டாலும் விடுவானே தவிர அதை விடமாட்டான் என்று வரும் இடத்தைப் படித்தேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தியா? சோத்துக்காக இல்ல. நான் என்ன சோத்துக்கா செத்தேன்?"

அதற்கு முன்னால் வரும் இடம்தான் கடிதத்தின் உயிர். எங்கள் ராஜா நல்லவர், எங்களுக்காகப் போராடினவர். ஆனால் அவரே நாளைக்கு மனசு மாறி எங்களைக் கொண்டுபோய் இங்கிலீஷ்காரனிடம் ஒப்படைத்தால், அவரையும் விரட்டிவிட்டு வேறு ராஜாவை வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். ராஜாக்கள் குடிகளுக்கு உத்தரவு எழுதி அனுப்பின காலத்தில், பிரபுக்கள் கூடித் தங்கள் ராஜாவுக்கே நிபந்தனை போட்டு, அதைப் போப்பாண்டவருக்கும் தெரியப்படுத்திவிட்டார்கள். சாமர்த்தியம்தான். போப்பாண்டவரைத் தாஜா செய்ய எழுதினது என்று சொல்கிறவர்களும் உண்டாம். எதற்காக எழுதினால் என்ன, எழுதி முத்திரை வைத்தாயிற்று. துண்டில் அச்சடித்து விற்கும் அளவுக்கு அது நின்றுவிட்டது.

துண்டு என் கைக்குத் திரும்பி வரவே இல்லை. மாமனார் அதைச் சுவரில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். எனக்கு வந்த ஒரே வெளிநாட்டுச் சாமான் பூ வைத்துக் கும்பிடாத குறையாகச் சுவரேறிவிட்டது. மறுநாளே மாமனார் வெள்ளைத்தாள் வாங்கி வந்தார்.

"எழுதும்மா. நம்மளும் இதே மாதிரி ஒண்ணு எழுதுவோம்."

"யாருக்கு மாமா? நமக்குத்தான் போப்பாண்டவர் இல்லியே."

"அம்மன் இருக்காள்ல. அவளுக்கு மேல யாரு? எழுதி உண்டியல்ல போட்ருவோம்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மேலே பெரிதாகச் 'சுதந்திரம்' என்று தலைப்பு. பிறகு கப்பலேறி வந்த கதை, குழி வெட்டின கதை. துண்டில் நூறு பேர் வருகிற இடம் ஒன்று உண்டு: எங்களில் நூறு பேர் உயிரோடு இருக்கும்வரை அடங்கமாட்டோம் என்பது. அங்கே மாமனார் கொஞ்சம் யோசித்தார்.

"நூறு பேருக்கு நம்மகிட்ட எங்க போறது? பத்துப் பேருன்னு போடு. அதுலயும் ரெண்டு பேருக்கு ஆஸ்துமா."

கடைசியில், "தலைவர் எங்க சுதந்திரத்த ஜெனரேட்டருக்குக் குடுத்தாருன்னா, அவர எறக்கிட்டு வேற ஆளத் தலைவரா வைப்போம்" என்று முடித்தார். துண்டில் இருப்பதை மனுஷர் எவ்வளவு சரியாகப் பிடித்துக்கொண்டார் என்று எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

முத்திரை வைக்கப் பழைய தீமிதிக் குடும்பத்துப் பெரியவர்கள் வந்தார்கள். அப்போது ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று உத்தரவு இருந்தது. அதனால் மாமனாரோடு நாலு பேர் உள்ளே உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக விட்டு விட்டு நின்றார்கள். அரக்குக்குச் சிவப்பு மெழுகுவர்த்தியை உருக்கினோம். தாளின் அடியில் நூல் கட்டி, நுனியில் மெழுகைச் சொட்டி, ஆளுக்கொரு கட்டைவிரல் பதித்தார்கள். சூடு தாங்காமல் ஒவ்வொருவரும் "ஆத்தா!" என்று கத்தினார்கள். பார்க்கப் பட்டத்தின் வால் மாதிரிதான் இருந்தது. மாமனார் அதைச் சுருட்டி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். முழங்கால் வலி அன்றைக்கு இல்லை.

தீமிதிக்கு முன்னால் உண்டியல் திறப்பது வழக்கம். அன்று சாட்சிக்கு, அரசாங்கத்து ஆளான வார்டுத் தலைவரும் வந்து உட்கார்ந்திருந்தார். தலைவருக்குப் பர்மியச் சொல் உக்கட்டா. கோயில் தலைவரானாலும் வார்டுத் தலைவரானாலும் அந்த ஒரே சொல்தான். உண்டியலுக்குள்ளிருந்து நூலும் மெழுகுமாக ஒரு சுருள் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "இது என்ன?" என்று வார்டு உக்கட்டா கேட்டிருக்கிறார். எங்கள் கோயில் தலைவர் தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான். பர்மியப் பள்ளியில் படித்தவர், பாவம். சு, த, ந், தி, ர, ம் என்று கூட்டிப் படித்து, வாயில் முதலில் வந்த அர்த்தத்தைச் சொல்லிவிட்டார்: "லுத்லத்யே."

நாட்டு விடுதலைக்குப் பர்மியத்தில் சொல்வது அதுதான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டதாம். மேற்கொண்டு வாசிக்க முடியாமல், "இது சயாமா எழுத்து" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். டீச்சரம்மாவுக்குச் சயாமா. எனக்கு ஆள் வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், மாமனாரிடம் சொல்லவும் இல்லை. உக்கட்டாவின் மேஜைமேல் எங்கள் காகிதம் விரித்து வைத்திருந்தது. "சயாமா, இதைப் பர்மியத்தில் சொல்லுங்கள்" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமே.

தலைப்பைச் சொல்ல வேண்டும். லுத்லத்யே என்றால் இத்தனை கட்டைவிரலும் இன்சீனுக்குப் போகும், பட்டறைக்கு இல்லை. "இது வேஸு" என்றேன். பங்குக்கு அவர்கள் சொல்லும் சொல். "ஒரு இலைச் சோற்றின் பங்கு, உக்கட்டா. லுத்லத்யே இல்லை." வம்சக்கதையைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன். அடுத்து அந்தக் கடைசி வரி. தலைவரை இறக்கிவிட்டு வேறு ஆளை வைப்போம். அதை அப்படியே பர்மியத்தில் சொன்னால், உக்கட்டாவை இறக்கிவிட்டு வேறு உக்கட்டாவை வைப்போம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். புத்தர் கோயில் நிர்வாகிகளைக் 'கோபகா' என்பார்கள். அந்தப் பெயரைப் போட்டு, "கோபகாவை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்கள்" என்று முடித்தேன்.

"மெழுகு எதற்கு?"

"ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் இப்படித்தான் ஒரு கடிதம் எழுதினார்கள். அதைப் பார்த்து எங்கள் மாமனார் செய்தார்."

"யாருக்கு எதிராக?"

"இங்கிலீஷ்காரர்களுக்கு எதிராக."

உக்கட்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இங்கிலீஷ்காரனுக்கு எதிராகவா? அப்படியென்றால் நல்லவர்கள்தான்!" காகிதத்தைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார். கோயில் தலைவர் பக்கம் திரும்பி, "ஒரு இலைச் சோற்றுக்கா இவ்வளவும்? அந்தப் பெரியவருக்குக் கொடுத்துவிடுங்கள். நானும் வந்து பார்க்கிறேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து, "மாமா, ஒங்க எல ஒங்களுக்குத்தான்!" என்று கத்தினேன்.

தீமிதி நாளில் உக்கட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோயில் தலைவர் அவரைப் பார்த்துக்கொண்டே இலையை எடுத்து வந்து மாமனார் முன்னால் நீட்டினார். கூப்பிடக்கூட இல்லை. நேரே கையில் திணிக்கத்தான் பார்த்தார். மாமனார் கையைக் கட்டிக்கொண்டார்.

"உத்தரவு போட்டு வந்தா அது சுதந்திரம் இல்லடா. ரேஷன். எனக்கு வேணாம்."

தமிழ் தெரிந்த அத்தனை பேரும் உக்கட்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள். உக்கட்டா என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"வயிறு சரியில்லையாம்" என்றேன்.

"அடடா" என்று அவர் சட்டைப்பையிலிருந்து வயிற்று மருந்துப் பொடி ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாருக்கும் முன்னால் அதைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தார். உப்பும் கசப்புமான பொடி. இலைக்காக விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த மனுஷர் வேறு எதுவும் சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார்.

வழியெல்லாம் எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இதற்கா நான் அந்த மேஜை முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்? "ஒரு வாய் வாங்கிக்கிட்டா என்ன மாமா கொறஞ்சு போயிரும்?" என்று கேட்டேவிட்டேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். கோயில் தலைவர் நின்றார், மூச்சு வாங்க, கையில் மூடின இலையோடு. அந்த முதல் இலையை யாருக்கும் கொடுக்காமல் அம்மன் முன்னாலேயே வைத்திருந்தாராம்.

"யாரு சொல்லி வந்த?" என்றார் மாமனார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"யாரும் சொல்லல மாமா. உக்கட்டா அப்பவே வீட்டுக்குப் போய்ட்டாரு. நீங்க அங்க சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு, இவங்க மாத்திச் சொன்னதும் கேட்டுச்சு. மனசு ஒப்பல. வந்துட்டேன்."

"சரி. கூப்புடு."

"மாமா?"

"மொறையாக் கூப்புடணும்ல. எறங்கிப் போயிக் கூப்புடு."

தலைவர் படியிறங்கினார். அந்த மாடிப்படியில் எத்தனை வீடு, எத்தனை காது! அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்ததற்கே வெளுத்துப்போனவர் அவர். கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தேன். கீழே நின்று தெருவைப் பார்த்தார், மேலே பார்த்தார், லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "சுதந்திரக்காரர் வாங்க!"

மாடிக்கு மாடி கதவு திறந்தது. மாமனார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முழங்கால் வலிக்காரர், மூன்று மாடியையும் இறங்கிப் போய் இரண்டு கையாலும் இலையை வாங்கிக்கொண்டார். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். மேலே வந்து உட்கார்ந்து முதல் உருண்டையைத் தலைவருக்கே உருட்டிக் கொடுத்தார், பிறகு எங்களுக்கு, பிறகு தனக்கு. சோறு ஆறிப்போய் விறைத்திருந்தது, பருப்பு லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு பருக்கை விடவில்லை. கை கழுவிவிட்டு, சுவரிலிருந்து அந்தத் துண்டை உருவித் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. ஒன் சாமான நீ வச்சுக்க."

நானும் பெருந்தன்மையெல்லாம் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து தட்டுத்தான் துடைத்தேன். கெட்டித் துணி, நன்றாகத்தான் துடைத்தது. அடுத்த விடுமுறைக்கு வந்த கொழுந்தன் அதைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"என்ன அண்ணி இது, ஒரு நாட்டோட சுதந்திரத்துலயா தட்டு தொடைக்கிறீங்க?"

உள்ளே படுத்திருந்த மாமனாரின் குரல் வந்தது: "தொடைக்கட்டும் விடுறா. அது அவனுங்க சுதந்திரம். நம்மளுத நம்ம சாப்ட்டாச்சு."